அடினோவைரஸ் நிமோனியா: மருந்து இருந்தும் டாக்டர்கள் ஏன் தயங்குகிறார்கள்?

நன்றாக விளையாடிக்கொண்டிருந்த 2 வயதுக் குழந்தை, அடினோவைரஸ் என்ற கிருமியால் வந்த நிமோனியாவோடு (நுரையீரல் தொற்று) ஐசியூவில் இருக்கிறது; சிடோஃபோவிர் என்ற மருந்து இருந்தும் டாக்டர்கள் ஏன் யோசிக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் குழந்தைகள் ஐசியூவில் நர்ஸ். மருந்து எழுதுவது என் வேலையில்லை. அதை ஏற்றுவதும், அப்புறம் பக்கத்திலேயே காவல் இருப்பதும்தான்.

இது அடினோவைரஸுக்கென்று வந்த மருந்தே இல்லை. எய்ட்ஸ் நோயாளிகளின் விழித்திரையைத் தாக்கும் சைட்டோமெகலோ வைரஸுக்காக 1996-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வைரஸ் தன் டிஎன்ஏவைப் படியெடுக்க விடாமல் தடுப்பதால் அடினோவுக்கும் தருகிறார்கள். அதிகமும் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை முடிந்த குழந்தைகளுக்கு. அவர்கள் உடம்பில் வைரஸை எதிர்க்க ஆளில்லை. எதிர்ப்புச் சக்தி சரியாக உள்ள குழந்தைகளில் பெரும்பாலோர் தாங்களே மீண்டுவிடுவார்கள்.

தயக்கம் சிறுநீரகத்தை நினைத்துத்தான். இந்த மருந்து சிறுநீரகக் குழாய்களின் செல்களுக்குள் சேர்ந்து அவற்றைக் கெடுக்கும். அதைக் குறைக்க புரோபெனெசிட் மாத்திரை. வெண்டிலேட்டரில் இருந்தால் பொடித்துக் கரைத்து மூக்குக் குழாய் வழியாக. கூடவே முன்னும் பின்னும் சலைன். சிக்கலே அங்கேதான்: சிறுநீரகம் தண்ணீர் கேட்கும், வீங்கிய நுரையீரல் தண்ணீரைத் தாங்காது. சிடோஃபோவிரின் அளவு வழக்கமாக உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் வாரம் ஒருமுறை, அல்லது 1 மில்லிகிராம் வாரம் மூன்று முறை.

ஏற்றும்போது கவுன், கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு வருவோம். அதைப் பார்த்தே பாதிப் பெற்றோர் பயந்துவிடுவார்கள். அப்புறம் ஒவ்வொரு டயப்பரையும் தராசில் வைப்போம். காய்ந்த டயப்பரின் எடையைக் கழித்தால், 1 கிராம் 1 மில்லி சிறுநீர். 10 கிலோ குழந்தை என்றால் 6 மணி நேரத்தில் 60 மில்லியாவது வர வேண்டும். குறைந்தால் நள்ளிரவானாலும் டாக்டரை எழுப்புவேன்.

மருந்து ஏற்றி வீட்டுக்குப் போன குழந்தையையும் பார்த்திருக்கிறேன், ஏற்றாமலே போன குழந்தையையும் பார்த்திருக்கிறேன். முதல் குழந்தை மருந்தால்தான் பிழைத்ததா என்று கேட்டால் எங்கள் டாக்டர்களே ஒரே பதில் சொல்ல மாட்டார்கள். ஆக்ஸிஜன் தேவை ஏறிக்கொண்டே போகிறது, ரத்தத்திலும் வைரஸ் கூடுகிறது, கல்லீரல் மாதிரி இன்னொரு உறுப்பும் கெடுகிறது என்றால் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. ஆக்ஸிஜன் தேவை நேற்றைவிட இன்று குறைந்திருந்தால் நானும் காத்திருக்கவே சொல்வேன்.

நாளை ரவுண்ட்ஸில், சேர்த்த அன்று கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) எவ்வளவு, இன்று எவ்வளவு என்று கேளுங்கள்.