ஆதிக் கிறிஸ்தவர்களைப் பற்றிய பழைய பிரமாண்டப் படங்களில் எதை முதலில் பார்ப்பது? கடவுள் நம்பிக்கை இல்லாதவருக்கும் இவை பிடிக்குமா?

பிடிக்கும். ‘பரபாஸ்’ படத்திலிருந்து தொடங்குங்கள்.

பெரும்பாலானவர்கள் ‘பென்ஹர்’ என்றுதான் சொல்வார்கள். அதற்கும் வருகிறேன். ஆனால் நம்பிக்கை இல்லை என்று நீங்களே சொல்வதால்தான் பரபாஸை முன்னால் வைக்கிறேன். நம்ப ஆசைப்பட்டும் நம்ப முடியாமல் வாழ்நாள் முழுக்கத் தவிக்கிற ஒருவனின் கதை அது.

இயேசுவுக்குப் பதிலாக விடுதலையான குற்றவாளி பரபாஸ். பைபிளில் அவனுக்குச் சில வரிகள்தான். அப்புறம் அவன் என்ன ஆனான் என்பதை ஸ்வீடன் எழுத்தாளர் பேர் லாகர்க்விஸ்ட் 1950இல் ஒரு சின்ன நாவலாக எழுதினார். அடுத்த வருடமே அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ரிச்சர்ட் ஃப்ளைஷர் அதை இத்தாலியில் படமாக்கினார், 1961இல் வெளிவந்தது. பரபாஸாக ஆந்தனி க்வின்.

சிலுவைக் காட்சிக்காகவே ஒருமுறை பார்க்கலாம். இயேசு இறக்கும்போது பட்டப்பகலில் இருள் சூழ்ந்தது என்று சுவிசேஷம் சொல்கிறது. அந்த இருளை விளக்குகளால் உண்டாக்காமல், 1961 பிப்ரவரி 15 அன்று இத்தாலியில் தெரிந்த முழுச் சூரிய கிரகணத்தின்போதே படம் பிடித்தார்கள். முழு இருட்டு கொஞ்ச நேரம்தான், தவறவிட்டால் இன்னொரு டேக் கிடையாது. வெளிச்சம் வடிந்துகொண்டே போவதைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் உடம்பு சிலிர்க்கிறது.

சிறையின் இருட்டிலிருந்து வெளியே வரும் பரபாஸ், இயேசுவைச் சுற்றி ஒரு ஒளியைப் பார்க்கிறான். இருட்டில் கிடந்த கண் கூசியதா, உண்மையிலேயே ஒளி இருந்ததா? அவனுக்கே தெரியாது. பிறகு சிசிலியின் கந்தகச் சுரங்கத்தில் வருடக்கணக்காக அடிமை வேலை. அங்கே சாஹாக் என்ற கிறிஸ்தவனோடு ஒரே சங்கிலியில் பிணைக்கப்பட்டிருக்கிறான். இயேசுவை நேரில் கண்டவன் பரபாஸ், ஆனால் நம்பிக்கை வரவில்லை. காணாத சாஹாக் உயிரையே கொடுக்கிறான். இந்த இரண்டு பேரும்தான் எனக்கு இந்தப் படம்.

கடைசியில் ரோம் எரியும்போது, கிறிஸ்தவர்கள்தான் கொளுத்துகிறார்கள், கடவுளின் ராஜ்யம் வந்துவிட்டது என்று நினைத்து பரபாஸும் தீப்பந்தத்தைத் தூக்குகிறான். முதல் முறையாக அவன் நம்பிச் செய்கிற காரியம், அதுவும் தப்பாகப் போகிறது. இதைவிட மனதை உடைக்கும் காட்சியை இந்த வகைப் படங்களில் நான் பார்த்ததில்லை.

சரி, பென்ஹர். வில்லியம் வைலர் இயக்கி 1959இல் வந்தது, 11 ஆஸ்கார். எல்லோரும் ரதப் போட்டியைச் சொல்வார்கள், அது இன்றும் மூச்சை நிறுத்தும். எனக்கு முக்கியம் அதற்கு ரொம்ப முன்னால் வரும் தண்ணீர்க் காட்சி.

பள்ளிக்கூட நாட்களில் ஒரு பெரிய வெள்ளி இரவு, அப்பாவோடு உட்கார்ந்து டிவியில் பார்த்தேன். கைதியாக இழுத்துச் செல்லப்படும் கதாநாயகன் ஜூடா நாசரேத்தில் தாகத்தில் சுருண்டு விழுகிறான். ரோமச் சிப்பாய் அவனுக்குத் தண்ணீர் தரக்கூடாது என்கிறான். ஒருவர் வந்து தண்ணீர் புகட்டுகிறார். நமக்கு அவரது முதுகும் கைகளும்தான் தெரியும். அதட்டிக்கொண்டு வரும் சிப்பாய், அவர் எழுந்து நின்றதும் பேச்சடைத்துப் போகிறான். நான் இயேசுவின் முகம் எப்போது வரும் என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா, “அவரைத் தேடாதடா, அந்தச் சிப்பாய் முகத்தைப் பாரு” என்றார். பார்த்தேன். கோபம், திகைப்பு, அப்புறம் கண்ணைத் திருப்பிக்கொள்ளும் ஒரு கூச்சம். எல்லாம் சில நொடிகளில்.

அன்றிலிருந்து இந்த வகைப் படம் எதைப் பார்த்தாலும் நான் பார்ப்பது அதைத்தான். பார்க்கிறவனின் முகத்தில் என்ன நடக்கிறது? அதற்கு நீங்கள் விசுவாசியாக இருக்க வேண்டியதில்லை.

‘த ரோப்’ (1953) அகலத்திரையில் வந்த முதல் சினிமாஸ்கோப் படம். சிலுவையில் அறையும் வேலையை நடத்தி, இயேசுவின் அங்கியைச் சூதாட்டத்தில் ஜெயிக்கும் ரோம அதிகாரியாக ரிச்சர்ட் பர்ட்டன். குற்ற உணர்வில் புத்தி பேதலித்து, எதிரில் வருகிறவரிடமெல்லாம் “நீ அங்கே இருந்தாயா?” என்று கேட்கும் பகுதி நன்றாக இருக்கும். பின்பாதி எனக்கு நாடக மேடை மாதிரிதான் இருந்தது.

‘குவோ வாடிஸ்’ (1951) படத்தில் காதல் கதை சுமார்தான். ஆனால் ரோமப் பேரரசன் நீரோவாக பீட்டர் உஸ்தினோவ்! நண்பன் பெட்ரோனியஸ் இறந்த செய்தி வந்ததும், தன் கண்ணீரைப் பிடித்து வைக்க ஒரு சின்னக் குப்பியைக் கொண்டுவரச் சொல்கிறான். துக்கத்தில்கூடத் தன்னையே ரசிக்கும் ஒரு மனிதனை அவ்வளவு துல்லியமாக நடித்திருக்கிறார்.

ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ரோமின் பெரிய அரங்கமான கொலோசியத்தில் நீரோ கிறிஸ்தவர்களைச் சிங்கங்களுக்குப் போட்டான் என்ற எண்ணம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. கொலோசியம் திறக்கப்பட்டது கி.பி. 80இல், நீரோ இறந்து பன்னிரண்டு வருடம் கழித்து. ரோம் எரிந்தது கி.பி. 64இல். அந்தப் பழியைக் கிறிஸ்தவர்கள் மேல் போட்டு அவன் செய்ததை ரோம வரலாற்றாசிரியர் டாசிடஸ் எழுதி வைத்திருக்கிறார்: மிருகத் தோல் போர்த்தி நாய்களை ஏவியது, சிலுவையில் அறைந்தது, இரவில் விளக்காக எரித்தது. டாசிடஸுக்குக் கிறிஸ்தவர்களைப் பிடிக்காது, இருந்தும் மக்களுக்கு அவர்கள்மேல் இரக்கம் வந்தது என்று எழுதுகிறார். அந்தப் பத்தியை எப்போது படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

பென்ஹருக்கு மூன்றரை மணி நேரம் ஒதுக்க வேண்டும். பரபாஸ் அவ்வளவு நீளமில்லை, ஒரு இரவில் பார்த்துவிடலாம். அதில் மரித்து உயிர்த்த லாசருவைத் தேடிப் போய் பரபாஸ் பேசும் காட்சி வரும், லாசருவின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். பார்த்த பிறகு அங்கே உங்களுக்கு என்ன தோன்றியது என்று இங்கேயே எழுதுங்கள், ஆவலாக இருக்கிறேன்.