ஃபோர்க்ளோஷர் என்றால் என்ன? கெடு தாண்டினால் நிலம் கடன் கொடுத்தவருக்கே போய்விடுமா?

தானாகப் போகாது. இது எங்கள் வீட்டிலேயே நடந்த கதை.

வலங்கைமான் பக்கம் மூன்று மா நஞ்சையைத் தாத்தா ஒத்திக்கு விட்டிருந்தார். (இருபது மா ஒரு வேலி, மூன்று மா என்றால் ஏறக்குறைய ஒரு ஏக்கர்.) பத்திரத்தில் ஐந்து வருடக் கெடு. அப்பா பணத்தோடு போய் நின்றபோது கெடு தாண்டி வெகுகாலம் ஆகியிருந்தது. "கெடு முடிந்த அன்றே நிலம் எங்களுடையது" என்றார் ஒத்தி பிடித்தவர். ஊரில் பாதிப் பேர் அதை நம்பினார்கள். அப்பாவும்தான்.

கும்பகோணத்து வக்கீல் பத்திரத்தைப் பிரித்து ஒரு வரியில் விரலை வைத்தார்: "வட்டிக்குப் பதிலாக மேற்படி நிலத்தைச் சுவாதீனத்தில் வைத்து, சாகுபடி செய்து அனுபவித்துக்கொள்ள வேண்டியது." இது ஒத்தி. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 67ஆம் பிரிவின்படி ஒத்தி பிடித்தவர் ஃபோர்க்ளோஷர் கேட்கவே முடியாது. எழுதிக்கொடுத்து 30 ஆண்டு கடந்துவிட்டது என்பதற்காக மட்டும் ஒத்தியை மீட்கும் உரிமை போய்விடாது என்று உச்ச நீதிமன்றமும் 2014இல் சொல்லியிருக்கிறது.

அப்படியானால் ஃபோர்க்ளோஷர் எது? "இனி நீ இந்தச் சொத்தை மீட்க முடியாது" என்று நீதிமன்றம் தீர்ப்பளித்துக் கதவை அடைப்பது. முக்கியமாக நிபந்தனைக் கிரயமாக (கெடுவுக்குள் பணம் திருப்பாவிட்டால் கிரயம் உறுதி, திருப்பினால் ரத்து என்று) எழுதிய அடமானத்துக்குத்தான் அது பொருந்தும். அங்கும் முதலில் கணக்குப் பார்த்து, பணம் கட்ட ஆறு மாதம் வரை தவணை கொடுத்த பிறகே இறுதித் தீர்ப்பு. ஆனால் அந்த நிபந்தனை கிரயப் பத்திரத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். "பணம் கொடுத்தால் திருப்பி எழுதித் தருகிறேன்" என்று தனித்தாளில் வாங்கி வைத்திருந்தால் சட்டம் அதை அடமானமாகவே பார்க்காது. நம் ஆட்கள் ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

வங்கி வீட்டை எடுத்து ஏலம் விடுவதையும் பலர் ஃபோர்க்ளோஷர் என்கிறார்கள். அது 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி, 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு எடுக்கும் நடவடிக்கை. ஏலத்தில் கடனும் செலவும் போக மிஞ்சுவது சொத்துக்காரருக்கே வரவேண்டும். ஃபோர்க்ளோஷரில் மிச்சம் என்ற பேச்சே இல்லை, சொத்து முழுவதும் போய்விடும். விவசாய நிலத்தை அந்தச் சட்டத்தின் கீழ் எடுக்கவும் முடியாது.

வங்கிக் கடிதத்தில் 'ஃபோர்க்ளோஷர் கட்டணம்' என்று கண்டு பதறவேண்டாம். அது நீங்களே கடனை முன்கூட்டி அடைத்து முடிப்பதற்கான கட்டணம். ஒரே சொல், நேர் எதிரான பொருள். யார் வைத்த பெயரோ!

எங்கள் விஷயத்தில், ஒத்தி பிடித்தவர் பணத்தை வாங்க மறுத்ததால் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 83ஆம் பிரிவின்படி அப்பா அதை நீதிமன்றத்தில் கட்டினார். வயலில் அப்போது சம்பா கதிர் விட்டிருந்தது. அவர் போட்ட பயிரை அவரே அறுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டோம். தை கடைசியில், வெறும் தாளடியாக நிலம் கைக்கு வந்தது.