ஆயா கதை சொல்லுங்கள்

கேள்வி: ஒன்பதாவது படிக்கும் என் மகன், செல்போனில் வரும் வெறுப்பு வீடியோக்களைப் பார்த்துவிட்டு "அவங்க வேற, நாம வேற" என்கிறான். என்ன செய்வது?
- வாசகி, குடியாத்தம்

பதில்: அறிவுரை வேண்டாம் அம்மா, வீட்டுக் கதை சொல்லுங்கள். எங்கள் ஆயா, அதாவது பாட்டி, பீடி சுற்றியவர். பக்கத்து வீட்டு முஸ்லிம் அம்மாவுக்குப் பிரசவமானபோது மூத்த பிள்ளைகளுக்கு எங்கள் வீட்டில்தான் சோறு. ஆயா காய்ச்சலில் படுத்தபோது அவர் பங்கு இலையையும் அந்த அம்மாவே வெட்டிச் சுற்றினார். இதைக் கேட்டு வளர்ந்ததால், அவர்களை யார் பழித்தாலும் எனக்குக் கோபம் வரும்.

அப்புறம், வேலூர் கோட்டைக்கு அழைத்துப் போங்கள். நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது, தோல் குஞ்சம் வைத்த தொப்பி போடு என்று அங்கிருந்த சிப்பாய்களிடம் சொன்னது கும்பினி, அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி. 1806 ஜூலை 10 விடியுமுன் இந்து, முஸ்லிம் சிப்பாய்கள் சேர்ந்தே அதை எதிர்த்துக் கிளர்ந்து எழுந்தார்கள். அங்கே நின்று சொன்னால் பையன் கேட்பான். மாமியாரையும் கூட்டிப்போங்கள், அவரிடம் இன்னும் கதைகள் இருக்கும்.