ஆறாத காற்புண் புற்றுநோயாகுமா?

வெள்ளவத்தைச் சகோதரிக்கு,

நீரிழிவுள்ள உங்கள் தாயாரின் கணுக்காற்புண் பல மாதங்களாக ஆறாதிருப்பதால், அது புற்றுநோயாகுமோ என்று கேட்டிருந்தீர்கள். அவ்வாறு ஆவது மிக அரிது. பெரும்பாலும் பல ஆண்டுகள் ஆறாத புண்ணிலேயே நேரும். ஆயினும் உங்கள் அச்சம் ஆதாரமற்றதல்ல. காயம் பட்டதும் அழற்சிச் சைகை அனுப்பிக் கிருமிகளை விழுங்கும் மாக்ரோபேஜ் கலங்கள், சில நாட்களில் போக்கை மாற்றி, புதிய குருதிக்கலன்களையும் இழையத்தையும் வளர்க்கும் புரதங்களைச் சுரக்க வேண்டும். நீரிழிவில் இம்மாற்றம் தடைப்பட்டு அழற்சி நீடிக்கிறது. புற்றுக்கட்டியோ அதே வளர்ச்சிச் சைகைகளைத் தனக்கே பயன்படுத்திக்கொள்கிறது; 1986இல் அமெரிக்க நோயியலாளர் ஹரோல்ட் டுவோராக் கட்டிகளை ஆறாத புண்கள் என்றது இதனாலேதான். புண்ணின் விளிம்பு தடித்து மேலெழுந்தாலோ, தொட்டதும் குருதி கசிந்தாலோ தாமதியாமல் சத்திரசிகிச்சை நிபுணரிடம் காட்டி, விளிம்பில் பயொப்சி (சோதனைக்காகச் சிறு இழையத்துண்டு) எடுப்பது பற்றிக் கேளுங்கள். எப்படியிருந்தாலும், அடுத்த கிளினிக்கிலேயே காலின் குருதியோட்டத்தைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள், அம்மா.