மனப்பான்மை மதிப்பெண் நடத்தையோடு ஒட்டாதபோது

கணக்கெடுப்பில் மக்கள் சொல்லும் மனப்பான்மை (ஒன்றைப் பற்றிய அவர்களின் விருப்பு வெறுப்பு) அவர்கள் செய்வதோடு ஏன் ஒட்டவில்லை என்று கேட்டிருந்தீர்கள். கோளாறு நீங்கள் அவர்களிடம் கேட்ட கேள்வியில்தான். "சுற்றுச்சூழல்மீது அக்கறை உண்டா?" என்று பொதுப்படையாகக் கேட்டு, குப்பையைப் பிரித்துப் போடுகிறார்களா என்ற ஒற்றைச் செயலோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள். ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பதன் அளவு; 0 என்றால் தொடர்பில்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) 0.1 வந்ததில் வியப்பில்லை.

உளவியல் ஆய்வாளர்கள் டேவிட்சனும் ஜக்கார்டும் 1979இல் இதைத் தெளிவாகவே காட்டினார்கள். கருத்தடை பற்றிய பெண்களின் பொது மனப்பான்மைக்கும் கருத்தடை மாத்திரைப் பயன்பாட்டுக்கும் ஒட்டுறவு வெறும் 0.08. அடுத்த 2 ஆண்டுகளில் தாங்களே மாத்திரை சாப்பிடுவது பற்றிக் கேட்டபோது 0.57!

ஆகவே செயல், இலக்கு, சூழல், காலம் நான்கும் மனப்பான்மைக் கேள்வியிலும் நீங்கள் அளக்கும் நடத்தையிலும் பொருந்தட்டும்: "அடுத்த 4 வாரம் வீட்டில் மட்கும் குப்பையைத் தனியே போடுவது எனக்கு..." (மிகக் கெட்டது முதல் மிக நல்லது வரை 7 புள்ளி அளவுகோல்).

அதற்குமுன் நடத்தைத் தரவின் பரவலைப் பாருங்கள். பத்தில் ஒன்பது பேர் 'ஆம்' என்றிருந்தால் எப்படிக் கேட்டாலும் எண் பெரிதாக ஏறாது.

பழக்கமாகிவிட்ட செயலென்றால் மனப்பான்மை மட்டும் போதாது. போன மாதம் எத்தனை தடவை செய்தார்கள் என்பதையும் கேளுங்கள்.