டைரக்டரி மேனேஜர் பாஸ்வேர்டு தெரிந்தவர் வேலையை விட்டுப் போகிறார். பாஸ்வேர்டை மாற்றினால் போதுமா?

(கேட்டவர் சொன்னது: தோட்ட ஆபீசில் ஒன்று, செம்பனை ஆலையில் ஒன்று என இரண்டு 389 டைரக்டரி சர்வர்கள், அதாவது பயனர் கணக்குகளையும் பாஸ்வேர்டுகளையும் ஓரிடத்தில் வைத்திருக்கும் சர்வர்கள். இரண்டுக்கும் இடையே இருபக்கமும் ரெப்ளிகேஷன் ஓடுகிறது, ஒன்றில் செய்கிற மாற்றம் மற்றதிலும் பதியும். எல்லா உரிமையும் உள்ள டைரக்டரி மேனேஜர் பாஸ்வேர்டு நாலு பேருக்குத் தெரியும். அதில் ஒருவர் அடுத்த மாதம் கிளம்புகிறார்.)

போதாது. மாற்றத்தான் வேண்டும், ஆனால் நாளைக்கே மாற்றிவிடாதீர்கள்.

மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களுக்கு நான் இந்த வேலைதான் பார்க்கிறேன். பெரிய கிராணிக்கு (தலைமை எழுத்தருக்கு) தெரிந்த அதே பாஸ்வேர்டுதான் செக்ரோல் (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவேடு) மென்பொருளின் கான்ஃபிக் கோப்பிலும் இருக்கும், ஆலையில் லாரி எடை போடும் கம்ப்யூட்டரிலும் இருக்கும். முன்யோசனை இல்லாமல் மாற்றினால் மறுநாள் விடிகாலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும்போது, ஆள் பதிய முடியாது. அப்புறம் தண்டலுக்கு (மேற்பார்வையாளருக்கு) யார் பதில் சொல்வது?

ஆகவே முதலில், சர்வருக்குள் யார் வந்தார்கள் என்று பதிகிற ஆக்சஸ் லாக்கைத் திறங்கள். டைரக்டரி மேனேஜர் பெயரில் பைண்ட் ஆன (உள்நுழைந்த) வரிகளைத் தேடி, அந்த வரியில் உள்ள கனெக்‌ஷன் எண்ணைப் பிடியுங்கள். அதே எண்ணின் தொடக்க வரியில் எந்த ஐபியிலிருந்து வந்தது என்று இருக்கும். நீங்கள் பார்க்கிற லாக்கில் சம்பள நாளும் அடங்க வேண்டும். தினமும் ஓடுகிற ஸ்கிரிப்ட் உடனே கண்ணில் படும், மாதத்துக்கு ஒருமுறை ஓடுவதுதான் காலை வாரும். அகப்படுகிற ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனிக் கணக்கு கொடுங்கள். செக்ரோலுக்குப் பெயரும் தொழிலாளர் எண்ணும் படிக்கத் தெரிந்தால் போதும், எழுதும் உரிமை எதற்கு?

டைரக்டரி மேனேஜர் என்பது யாரோ ஒருவருடைய கணக்கு அல்ல. அது சர்வரின் கான்ஃபிக்கில் இருக்கும் ஒரு பெயர். ஏசிஐ எனப்படும் அனுமதி விதிகள் எதுவும் அதைத் தடுக்காது. நாலு பேரும் அதில் நுழைந்தால் லாக்கில் நாலும் ஒரே பெயர்தான். யார் எதை அழித்தார் என்று பிறகு கேட்டுப் பயனில்லை. அட்மின் வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் சொந்தப் பெயரில் கணக்கு திறந்து, ஒரு குழுவில் சேர்த்து, அந்தக் குழுவுக்கு ஏசிஐ எழுதுங்கள்.

அதிகம் கோட்டை விடுவது இந்த ஏசிஐயில்தான். 'பாஸ்வேர்டு தவிர மற்ற எல்லாவற்றையும் எழுதலாம்' என்று ஒரு விதி பார்க்க அடக்கமாகத் தெரியும். அந்த 'மற்ற எல்லாவற்றிலும்' விதிகளையே வைத்திருக்கும் ஏசிஐ என்கிற அட்ரிபியூட்டும் (தகவல் புலமும்) சேர்த்தி! உரிமை பெற்றவர் தனக்கே இன்னும் பெரிய உரிமை எழுதிக்கொள்வார். எதை எழுதலாமோ அதை மட்டும் பெயர் சொல்லிப் பட்டியலிடுங்கள். அட்மின் குழுவின் உறுப்பினர் பட்டியலைத் திருத்தும் உரிமையும் அதே மாதிரி ஆபத்துதான். பாஸ்வேர்டு மறந்த டிரெசருக்கும் (தோட்ட மருத்துவ உதவியாளருக்கும்) கிராணிக்கும் புதிதாகப் போட்டுக் கொடுக்கிற உதவியாளர், அட்மின்களின் பாஸ்வேர்டையும் மாற்ற முடிந்தால் அவரும் அட்மின்தான். அட்மின் கணக்குகளைத் தனிக் கிளையில் வையுங்கள், அவருடைய உரிமை அந்தக் கிளைக்குள் போகக் கூடாது. 389இல் அனுமதியும் மறுப்பும் மோதினால் மறுப்பே வெல்லும். ஓபன்எல்டேப் என்ற இன்னொரு டைரக்டரி சர்வர் பழகியவர்கள் கவனிக்க: அங்கே விதிகளின் வரிசைதான் முக்கியம், முதலில் பொருந்துகிற விதியோடு நின்றுவிடும்.

டைரக்டரி மேனேஜர் எந்த ஐபியிலிருந்து, எந்த நாளில், எத்தனை மணிக்குள் நுழையலாம் என்று கட்டுப்படுத்த ரூட்டிஎன் ஆக்சஸ் கன்ட்ரோல் என்ற பிளகின் கூடவே வருகிறது. இயல்பில் அது அணைந்தே இருக்கும். ஐபி கட்டுப்பாடு போடுங்கள். மணிக் கட்டுப்பாட்டை நான் போடுவதில்லை, சர்வர் படுத்துக்கொள்வது எப்போதும் ராத்திரியில்தான். பாதுகாப்பான இணைப்பு இல்லாத பைண்டுகளை மறுக்கும் அமைப்பையும் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் 389ஆம் போர்ட்டில் பாஸ்வேர்டு அப்படியே வெளிப்படையாகப் போகும்.

உங்களுக்கு இரண்டு சர்வர் என்பதால் இன்னொன்று. ஏசிஐ தரவோடு சேர்ந்து மறுபக்கம் போய்விடும். டைரக்டரி மேனேஜர் பாஸ்வேர்டும் அந்த பிளகின் அமைப்பும் போகாது. ஆபீசில் மாற்றிவிட்டு ஆலையை மறந்தால், போனவர் கையில் ஆலைச் சர்வர் இருக்கிறது, அங்கே செய்கிற மாற்றம் ரெப்ளிகேஷன் வழியாக ஆபீசுக்கும் வரும். ரெப்ளிகேஷனுக்காக ஒரு சர்வர் மற்றதில் நுழையும் ரெப்ளிகேஷன் மேனேஜர் கணக்கின் பாஸ்வேர்டு அவருக்குத் தெரியுமா என்றும் விசாரியுங்கள்.

சர்வர் ஓடுகிற லினக்ஸில் ரூட் என்னும் முழு உரிமை உள்ளவரிடம் இதெல்லாம் செல்லாது. சர்வரை நிறுத்தி, கான்ஃபிக் இருக்கும் டிஎஸ்இ கோப்பில் புதிய ஹேஷை (பாஸ்வேர்டின் மறைவடிவத்தை) வைத்து, மறுபடி ஓடவிட்டால் பழைய பாஸ்வேர்டு தெரியாமலே அவர் டைரக்டரி மேனேஜர். அதனால் அவர் போகும் நாளில் முதலில் இரண்டு மெஷினிலும் அவருடைய எஸ்எஸ்எச் சாவியையும் (தொலைவிலிருந்து நுழையும் வழி) சுடோ உரிமையையும் (ரூட்டாகக் கட்டளையிடும் வழி) எடுங்கள், பிறகு அவர் கணக்கைப் பூட்டுங்கள், அதன்பிறகு இரண்டு சர்வரிலும் பாஸ்வேர்டை மாற்றுங்கள். புதியதை உறையிலிட்டு மானேஜரின் இரும்புப் பெட்டியில் வைக்கலாம்.