41 வயசுல போஸ்ட் பேசிக் பிஎஸ்சி நர்சிங் சேரலாமா?

கேள்வி: 2006ல ஜிஎன்எம் (நர்சிங் டிப்ளமா) முடிச்சேன். ரெண்டாவது பையன் பொறந்ததும் வேலைய விட்டுட்டேன், இப்ப மூணு வருஷமா ஒரு சின்ன ஆஸ்பத்திரில ஸ்டாஃப் நர்ஸ். வயசு 41. போஸ்ட் பேசிக் படிக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. ஒரு காலேஜ்ல "நீங்க வரவே வேணாம், அட்டண்டன்ஸ நாங்க பாத்துக்கறோம், பரீட்சைக்கு மட்டும் வாங்க"ன்னு சொல்றாங்க. சேரலாமா?

பதில்: படிங்க சிஸ்டர், தாராளமா படிங்க, ஆனா அந்த காலேஜ்ல மட்டும் வேணாம்.

முதல்ல வயசு. இந்தியன் நர்சிங் கவுன்சில் விதில 35 வயசுன்னு இருக்கறது ப்ளஸ் டூ முடிச்சுட்டு நேரா சேர்ற நாலு வருஷ பிஎஸ்சிக்கு. உங்களது ஜிஎன்எம்முக்கு மேல ரெண்டு வருஷம், அதுக்கு அவங்க கேக்கறது ப்ளஸ் டூ, ஜிஎன்எம், மாநில நர்சிங் கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷன், மெடிக்கல் ஃபிட்னஸ், கொஞ்சம் இங்கிலீஷ், அவ்வளவுதான். கவர்ன்மென்ட் சீட்டுக்குப் போடறதா இருந்தா மட்டும் அந்த வருஷ ப்ராஸ்பெக்டஸ்ல வயசு பத்தி என்ன போட்டிருக்குன்னு பாத்துக்கோங்க.

இப்ப அட்டண்டன்ஸ். தியரில 80 சதவீதம், ப்ராக்டிகல்ல 80 சதவீதம் இருந்தாதான் பரீட்சை எழுத முடியும், டிகிரி கைக்கு வர்றதுக்குள்ள ப்ராக்டிகல் நூறு சதவீதம் முடிச்சிருக்கணும். வராமலே வந்ததா எழுதித் தர்றேன்னு ஒருத்தர் சொன்னா அது பொய் ரெக்கார்டு, நாளைக்கு வெரிஃபிகேஷன்ல மாட்டினா போறது உங்க ரெஜிஸ்ட்ரேஷன், காலேஜோடது இல்ல. நான் இத்தனை வருஷமா பாடம் எடுக்கறேன், இந்த ஒரு விஷயத்துலதான் எனக்கு மனசு பதறும், ஏன்னா இப்படி சேந்து பணத்தையும் ரெண்டு வருஷத்தையும் விட்டுட்டு அழுதவங்கள நேர்ல பாத்திருக்கேன். எந்த காலேஜா இருந்தாலும் எம்ஜிஆர் மெடிக்கல் யுனிவர்சிட்டி அஃபிலியேஷனும் இந்தியன் நர்சிங் கவுன்சில் லிஸ்ட்ல பேரும் இருக்கான்னு பாக்காம பணம் கட்டாதீங்க.

அப்புறம், எதுக்கு இந்த டிகிரின்னு உங்களுக்கே தெளிவா இருக்கணும். கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரி வேலைக்கு எம்ஆர்பி வைக்கற ஸ்டாஃப் நர்ஸ் பரீட்சைக்கு ஜிஎன்எம்மே போதும். லண்டன் போறதுக்கும் ஜிஎன்எம்ம ஏத்துக்கறாங்க, அங்க தடையா இருக்கறது ஐஇஎல்டிஎஸ், ஓஇடிங்கற இங்கிலீஷ் பரீட்சைதான். ஆனா எம்எஸ்சி படிச்சு டியூட்டரா போகணும், பெரிய ஆஸ்பத்திரில மேல வரணும்னா போஸ்ட் பேசிக் கட்டாயம் வேணும், எம்எஸ்சிக்கு 55 சதவீதம் கேப்பாங்க, அதனால சும்மா பாஸ் மார்க் வாங்கினா போதும்னு நினைக்காதீங்க.

படிப்பு வருமான்னு பயப்படாதீங்க. மெடிக்கல் சர்ஜிக்கல், சைல்ட் ஹெல்த் எல்லாம் நீங்க வார்டுல தினம் பாக்கறதுதான், பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி, ரெண்டாவது வருஷம் ரிசர்ச் ஸ்டாடிஸ்டிக்ஸ், இதுலதான் உங்க வயசுக்காரங்க திணறுவாங்க. கை வேற விட்டுப் போயிருக்கும், மூணு மணி நேரம் 75 மார்க்குக்கு எழுதணுமே, அதனால இப்பவே தினம் காலைல அரை மணி நேரம் பேனா புடிச்சு எழுதுங்க. ட்ரிப் கணக்குல ஆரம்பிங்க: 1000 எம்எல், 8 மணி நேரம், 20 டிராப் செட் (ஒரு எம்எல்லுக்கு 20 சொட்டு). 1000ஐ 20ஆல பெருக்கி 480 நிமிஷத்தால வகுத்தா நிமிஷத்துக்கு 42 சொட்டு. பம்ப் வந்தப்புறம் நம்ம எல்லாருக்கும் இது மறந்து போச்சு.

ட்யூட்டி பாத்துக்கிட்டே ரெகுலர் காலேஜ் போக முடியாது, அதையும் சொல்லிடறேன். லீவ் தருவாங்களா, ரெண்டு வருஷம் சம்பளம் இல்லாம வீடு ஓடுமான்னு வீட்டுக்காரரோட உக்காந்து பேசுங்க.

கடைசியா ஒரு சின்ன வேலை, ஆனா அட்மிஷன் டைம்ல இதுலதான் நிறைய பேர் அலையறாங்க. சர்டிஃபிகேட்ல அப்பா இனிஷியல் இருக்கும், ஆதார்ல வீட்டுக்காரர் இனிஷியல் இருக்கும். ரெண்டையும் எடுத்து வெச்சுப் பாருங்க, வித்தியாசம் இருந்தா இந்த மாசமே ஆதார மாத்த குடுத்துடுங்க, கையோட கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷன் ரினியூவல்ல இருக்கான்னும் பாத்துடுங்க.